நடு நாற்காலி

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் நாங்கள் இருந்த அரசாங்கக் குடியிருப்பின் முன்னறைத் தரையில், சாக்பீஸால் போட்ட நான்கு சிறிய வட்டங்கள் எப்போதும் இருக்கும். ஒரு மர நாற்காலியின் நான்கு கால்களும் அந்த வட்டங்களுக்குள்தான் நிற்க வேண்டும். தினமும் தரை துடைக்கும் அம்மா அந்த இடத்தில் மட்டும் ஈரத்துணி படாமல் பார்த்துக்கொள்வாள். எதிரே, சுவரிலிருந்து இரண்டு முழம் முன்னால் தள்ளி, இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அவற்றின் நடுவே தாழ்வான பலகையில் ஆம்ப்ளிஃபையர். ஒரு ஸ்பீக்கருக்கும் மற்றதற்கும் எவ்வளவு தூரமோ, அதே தூரம் நாற்காலியில் உட்காருபவரின் தலைக்கும் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. அம்மாவின் தையல் டேப்பை எடுத்து, அவள் காதிலிருந்து இடது பக்கப் பெட்டிக்கு ஒரு முறை, வலது பக்கப் பெட்டிக்கு ஒரு முறை அளப்பார். அந்த நாற்காலிக்கு எங்கள் வீட்டில் நடு நாற்காலி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் அம்மா உட்காருவாள். அப்பா நின்றுகொண்டிருப்பார்.

அப்பா மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் டெல்லிக்கு வந்தவர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், வெளியே யாரிடமும் அதிகம் பேச மாட்டார். வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பிய சக அலுவலர் ஒருவரிடமிருந்து அந்த ஆம்ப்ளிஃபையரை வாங்கி வந்த நாள் முதல், மிச்சமிருந்த பேச்சும் அவருக்கு அதனோடு என்று ஆகிவிட்டது. ஸ்பீக்கருக்கு அடியில் கடப்பைக் கல் போட்டார். எதிரொலி வராமலிருக்க நாற்காலிக்கு முன்னால் தடித்த ஜமுக்காளமும் ஜன்னலுக்கு இரட்டைத் திரையும் போட்டார். பக்கச் சுவரில் புத்தக அலமாரியை நிறுத்தி, புத்தகங்களை உயரம் ஒன்றுபோல் இல்லாமல் அடுக்கச் சொன்னார். சத்தம் சமதளத்தில் பட்டால் அப்படியே திரும்பி வந்துவிடுமாம். மே மாத வெயிலிலும் பாட்டுப் போட்டால் கூலரையும் ஃபேனையும் நிறுத்திவிடுவார். நாங்கள் வியர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தெருவில் காய்கறி வண்டிக்காரர் குரல் கொடுத்தால் வெளியே போய், "பையா, தோ மினட்" என்று இரண்டு விரலைக் காட்டி அவரையும் நிறுத்திவைப்பார். "நல்ல செட்டுன்னா செட்டே காணாமப் போயிரணும். பாடுதவ மட்டும் நடுவுல நிக்கணும்," என்பார். இதை அவர் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

நடு நாற்காலிக்கு அம்மா வந்தது தற்செயலாகத்தான். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, வெள்ளையடிக்க ஆள் வந்ததற்காக அப்பா எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி மாட்டினார். இரண்டு நாளாக ஏதோ சரியில்லை என்று தவித்துக்கொண்டிருந்தார். அரிசி களைந்த கையோடு சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த அம்மா, "பாடுதவ சுவத்துக்குள்ள நின்னு பாடுத மாதிரில்லா இருக்கு," என்றாள். அப்பா ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு பெட்டிகளுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தன. அப்படி மாறினால் ஒரு பெட்டி வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும்; மிருதங்கத்தின் கனம் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலையும். மாற்றிப் போட்டதும் குரல் வந்து நடுவில் நின்றது. அன்றிலிருந்து அம்மாவின் காதுதான் அவருடைய அளவுகோல். அலுவலகத்தில்கூட, "என் மீட்டர் வீட்ல இருக்கு," என்று சொல்வாராம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா அம்மாவை அடித்ததில்லை, திட்டியதும் குறைவு. ஆனால் எதையும் கேட்டதில்லை. ஊருக்கு எப்போது போவது, என்னை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது, எல்லாம் அவராக முடிவு செய்து, செருப்பு மாட்டும்போது சொல்வார். வாரத்தில் ஒரு நாள், அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்து, ஸ்பீக்கரை இரண்டு விரல் நகர்த்திவிட்டு, அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று, "ஏளா, முதல்ல இருந்ததா, இப்பம் இருக்கதா? எது நல்லாருக்கு?" என்று கேட்பார். அவள் யோசித்துச் சொல்லும்வரை காத்திருப்பார். அவர் காத்திருந்து நான் பார்த்த ஒரே இடம் அதுதான்.

பதினோராம் வகுப்பில் ஒரு சனிக்கிழமை நானும் அம்மாவும் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போனோம். நான் ஒரு கடையில் துப்பட்டா பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா முன்னால் நடந்துபோனாள். ஒரு ஆட்டோ அவள் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தான். கூட்டம் விலகியது, அம்மா விலகவில்லை. "அம்மா, அம்மா" என்று நான் கத்தினேன். துணிக்கடைக்காரர் ஒருவர் எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தார். அம்மா பயப்படவில்லை. அந்த மனிதர் ஏன் தன் கையைப் பிடிக்கிறார் என்று கோபமாக அவரைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குள் ஒவ்வொன்றாகத் திறந்தது. குக்கர் விசிலை அவள் எண்ணுவதில்லை, அடுப்பருகே நின்று ஆவியைப் பார்க்கிறாள். எப்போதும் வாசலைப் பார்த்தே உட்காருகிறாள். நான் பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்க்கிறாள். அவள் குரலே ஒரு வருஷமாகத் தணிந்துகொண்டு வந்திருக்கிறது. "உங்கம்மா இப்பம்லாம் சத்தமே போடுததில்ல, டெல்லிக்காரி ஆயிட்டா," என்று அப்பா அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் அவளை உட்கார வைத்து, முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். மறுக்கவில்லை. இடது காது அனேகமாகப் போய்விட்டது, வலது காதும் அடைத்துக்கொண்டு வருகிறது என்றாள். காய்ச்சலைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். வா, டிஸ்பென்சரிக்குப் போகலாம், அப்பாவிடம் சொல்லலாம் என்றேன். அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாட்ட மட்டும் சொல்லீராத."

"ஏம்மா?"

"அந்த ஒரு மணி நேரந்தான் அவுக என்ட்ட வந்து எதையாவது கேக்காக. காது போச்சுன்னு தெரிஞ்சா அதுவும் போயிரும்."

எனக்குப் பதினாறு வயது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.  ஆனால் பதில் தெரியாததாலா நான் வாயை மூடிக்கொண்டேன் என்று என்னை நானே கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் என் வீட்டுப்பாட நோட்டுடன் புத்தக அலமாரியின் அடியில் போய் உட்கார்ந்தேன். அம்மா லேசாகக் கண்ணைத் திருப்பினால் நான் தெரிவேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்திருக்கும் அப்பாவுக்குத் தெரிய மாட்டேன். நானும் அவளும் பேசிவைத்திருந்தபடி, முதலில் வைத்த இடம் நன்றாக இருந்தால் பேனா வலது கையில். இரண்டாவதாக வைத்த இடம் நன்றாக இருந்தால் இடது கையில். இரண்டும் சரியில்லை என்றால் பேனாவை மூடிவிடுவேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, தன் பழைய வார்த்தைகளிலேயே சொல்லுவாள். "முதல்ல வச்சப்பம் மிருதங்கம் வீங்கிப்போய் இருந்திச்சு. இது பரவால்ல." அப்பா தலையாட்டிக்கொண்டே சாக்பீஸை எடுப்பார்.

என் காது நல்ல காது. அதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஸ்பீக்கர் சுவருக்கு நெருங்கினால் கீழ்ச்சத்தம் உப்புவதும், பெட்டியின் முகத்தை நாற்காலியின் பக்கம் கொஞ்சம் திருப்பினால் வீணையின் மீட்டு கூர்மையாவதும், அளவுக்கு மேல் திருப்பினால் அறையே சுருங்கிவிடுவதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்கு முன்னால் ஒரு தடவை நானே வலியப் போய்ச் சொல்லியிருக்கிறேன், இடது பக்கம் சத்தம் தூக்கலாக இருக்கிறது என்று. "பிள்ளைகளுக்கு சத்தம் கூட இருந்தாப் போதும், உனக்கென்ன தெரியும்," என்று அனுப்பிவிட்டார். அப்படிப்பட்டவர் இப்போது வாராவாரம் என் பேனா எந்தக் கையில் இருக்கிறதோ அந்த இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கனமான பெட்டிகள், மூச்சு வாங்கும். எனக்கு அது பிடித்திருந்தது. அம்மா கெஞ்சினாள் என்பதற்காக மட்டும் நான் சும்மா இருக்கவில்லை. மூன்று வருஷம், அம்மாவின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில், பொங்கல் முடிந்து வந்த ஒரு விடுமுறை நாளில், அப்பாவின் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் மனைவியரோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். ஒருவர் அப்பாவுக்கு மேலதிகாரியான டைரக்டர். எங்கள் வீட்டுக்கு அப்படிப்பட்டவர்கள் வருவது அபூர்வம். அம்மா விடியற்காலையிலிருந்து சமைத்தாள். அவர்கள் சாப்பாட்டைப் புகழ்ந்ததெல்லாம் அவளுக்கு உதட்டசைவில் புரிந்தது. சரியான இடத்தில் சிரித்தாள். டைரக்டர் பாட்டுப் பிரியர். அப்பா புதிதாக ஒரு தடித்த செம்பு வயர் வாங்கியிருந்தார். வயரில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது, எல்லாம் மனசுதான் என்று டைரக்டர் ஹிந்தியில் சொன்னார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் மனைவி சொல்லிவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவாள்," என்றார்.

அவளை நடு நாற்காலியில் உட்கார வைத்தார். "ஏளா, கண்ண மூடிக்கோ. நான் வயர மாத்துவேன். எது நல்லாருக்குன்னு சொல்லு," என்றார். அம்மா என்னைத் தேடினாள். நான் தண்ணீர் டம்ளர்கள் வைத்த தட்டோடு வாசல்நிலையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கண்கள் ஒரு கணம் சந்தித்துக்கொண்டன. பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேறென்ன செய்திருக்க முடியும் அவளால்?

வீணை ஒலித்தது. அம்மா மெதுவாகத் தலையை அசைத்தாள்; விரலால் தொடையில் தாளம் போட்டாள். அப்பா ஆம்ப்ளிஃபையரை நிறுத்திவிட்டு வயரைக் கழற்றினார். அறை நிசப்தமாகிவிட்டது. அம்மா தலையை அசைத்துக்கொண்டிருந்தாள். விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டைரக்டரின் மனைவி, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார். வயரும் கையுமாக நிமிர்ந்த அப்பா, "போதும், பாட்டு நின்னாச்சு," என்றார். அம்மா அசைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரசிக்கிற பாவனைகூட இருந்தது. புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தினாள். நான் ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டிருக்கலாம். நான்கு எட்டுத் தூரம். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளே கடைசியில் கண்ணைத் திறந்து, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "இது நல்லாருக்கு."

அவர்கள் நாகரிகமானவர்கள். டீ குடித்துவிட்டு, நேரமாகிறது என்று கிளம்பினார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்த அப்பா அம்மாவின் எதிரே நின்றார். அவர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரல் உயரவே இல்லை.

"எவ்வளவு நாளா?"

"நாலு வருசம் இருக்கும்," என்றாள் அம்மா.

அப்பா ஸ்பீக்கர்களைப் பார்த்தார். தரையில் இருந்த சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தார். அப்புறம் அவர் கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அப்பம் நீ சொன்னதெல்லாம்?"

 அப்பா என் பக்கம் கையைக் காட்டி, "இவளுக்குத் தெரியுமா?" என்றார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் மறைச்சிட்டேன்," என்றாள். அப்பா அதை நம்பினார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் பிரித்தார். சாக்பீஸ் அடையாளங்களை அவரே ஈரத்துணியால் துடைத்தார். நான்கு வருஷமாகத் தப்பான இடத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்பதுதான் அவருடைய துக்கம். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டிவைத்து ஆரம்பித்தார். தினம் கொஞ்சம் முன்னால் நகர்த்துவார். ஓடிவந்து நாற்காலியில் தானே உட்காருவார். எழுந்து போய் மறுபடி நகர்த்துவார். மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் அவர் இதுதான் சரி என்று நிறுத்திய இடம், பழைய இடம்தான். ஒரு விரல்கடை வித்தியாசம் இருக்கலாம். அவருக்கே அது புரியவில்லை. "காதே கேக்காதவ எப்படிச் சரியாச் சொன்னா? குருட்டாம்போக்குல அமைஞ்சிருக்கும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம்தான் டாக்டர். மூன்று வாரம் கழித்து. டாக்டர் ஒரு சர்தார்ஜி, வயதானவர், பொறுமைசாலி. காதைப் பரிசோதிக்கும் கண்ணாடி அறைக்குள் அம்மாவை உட்கார வைத்துப் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வெகு நேரம் அழுத்தவே இல்லை. காதுக்குள் இருக்கிற சின்ன எலும்பு இறுகிப்போகிற நோய் இது, பெண்களுக்கு அதிகம் வரும், குரல்கூடத் தணிந்துபோயிருக்குமே என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார். "பஹுத் தேர் கர் தீ," என்றார் டாக்டர். ரொம்பத் தாமதம் செய்துவிட்டீர்கள். மூன்று நான்கு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் ஒரு சின்ன ஆபரேஷன் போதும், பெரும்பாலும் கேட்டுவிடும். இப்போது உள் நரம்பும் பழுதாகிவிட்டது. மெஷின்தான் வைக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்குமா தெரியவில்லை என்று அவர் கேட்டபோது அப்பா, "கிஸீ கோ நஹீ பதா தா," என்றார். யாருக்கும் தெரியாது. அவர் சொன்னது அவருக்கு உண்மை.

அம்மாவுக்கு ஹிந்தியில் உதட்டசைவு அவ்வளவாகப் பிடிபடாது. என்ன சொல்லுதார் என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். கைப்பையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து அதன் பின்பக்கம் எழுதினேன்: 'மெஷின் வச்சாக் கேக்கும். பயப்பட ஒண்ணுமில்ல.' அம்மா அதை வாசித்துவிட்டு, இவ்வளவுதானா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். முன்னாலேயே வந்திருந்தால் சரியாகியிருக்கும் என்பதை அவளுக்குக் கடைசிவரை நான் சொல்லவில்லை. அவளாகத் தெரிந்துகொண்டாளா என்பது எனக்குத் தெரியாது.

மெஷின் வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா அவளை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார். பாட்டுப் போட்டு, "இப்பம் எப்படி இருக்கு?" என்று ஆர்வமாகத்தான் கேட்டார். அம்மா கொஞ்சம் கேட்டுவிட்டு, "தகரத்துல ஆணி போட்டு ஆட்டுத மாதிரி இருக்கு," என்றாள். அப்பா அந்த மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருக்கிற ஆம்ப்ளிஃபையர் மட்டம் என்று சொல்லித் திரும்பக் கொடுத்தார். அவளை அவர் பிறகு கூப்பிடவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவள் பயந்தது அப்படியே நடந்தது. அடுத்த வாரத்திலிருந்து அப்பா பாட்டுப் போடும்போது அம்மா காதிலிருந்து மெஷினைக் கழற்றி, அவர் பார்க்கும்படி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். இருபது வருஷத்துக்கு மேல் அதை ஒரு வாரம்கூட அவள் விட்டதில்லை.

எனக்குக் கல்யாணமாகி நான் குர்கானுக்குப் போனபின், அப்பா ஓய்வுபெற்று, அவர்கள் மயூர் விஹாரில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே அவர்கள் துண்டுக் காகிதத்தில் பேசிக்கொண்டார்கள். 'பால் வந்தாச்சா.' 'சாவி எங்கே.' நான் போகும்போது சாப்பாட்டு மேஜையில் கற்றையாகக் கிடக்கும். அப்பாவுக்கு அவள் முகத்துக்கு நேரே நின்று பேசும் வழக்கம் வரவே இல்லை; நேரே நின்று பேசிய ஒரே காரியம்தான் முடிந்துபோய்விட்டதே. ஆனால் மெஷினுக்கான சின்ன பேட்டரிகளை அவர் ஒரு நாளும் தீரவிட்டதில்லை. எப்போது மாற்றியது என்று அட்டையில் தேதி போட்டு வைப்பார். அதை அன்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே கவனம்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், குளிர்காலத்தில் அம்மா இறந்துபோனாள். நிமோனியா. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா அந்தக் கதையைச் சொன்னார். டைரக்டர் வந்தது, வயர் மாற்றியது, அவள் தலையை அசைத்துக்கொண்டிருந்தது. "நாலு வருசம், வீட்ல ஒரு ஆளுக்குத் தெரியாம மறைச்சிட்டா. அவ்வளவு அழுத்தக்காரி. அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு ஆபரேஷன்ல சரியாயிருக்கும். அவளே கெடுத்துக்கிட்டா," என்பார். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருப்பேன். அம்மாவின் படத்துக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் அந்தக் கதை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிடிவாதக்காரி என்ற பெயர் அம்மாவுக்கு அவள் செத்த பிறகுதான் கிடைத்தது.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. லக்ஷ்மிபாய் நகர் வீடுகளை இடித்துவிட்டார்கள். நாங்கள் இருந்த இடத்தில் எது நிற்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. பெட்டிகளை நகர்த்த அவருக்கு முடிவதில்லை. போன மாதம் நான் போயிருந்தபோது என் மகளைக் கூப்பிட்டு நகர்த்தச் சொன்னார். அவள் ப்ளஸ் டூ படிக்கிறாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் புரியும், பேசினால் பாதி ஹிந்தி, வாசிக்கத் தெரியாது. பெட்டியை நகர்த்திவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவளிடம் அவர் அம்மாவின் கதையை முதலிலிருந்து சொன்னார், அவளுக்குப் புரியும்படி ஹிந்தியில். அவள் கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது யமுனைப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றுவிட்டன. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"மம்மி, நீ அதே வீட்லதானே இருந்தே? நாலு வருஷம். ஆப்கோ பீ நஹீ பதா சலா?"

உனக்கும் தெரியவில்லையா என்று கேட்கிறாள். அவள் கேட்ட விதத்தில் சந்தேகம் இல்லை. எனக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்டாள். எனக்கு முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு, "நஹீ," என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா இப்போது பொடி எழுத்து எதையும் வாசிப்பதில்லை. நான் வாசித்துக் காட்டினால்தான் உண்டு. என் மகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுத முடிந்திருக்கிறது.